ஏழு ஃபெரைட் குச்சிகளும் ஒரு மின்தடை நாளும்

எங்கள் தெருவில் மாதாந்திர மின்தடை அறிவிப்பைப் பார்த்து வாயெல்லாம் பல்லாகிற ஒரே ஆள் நான்தான். ஒத்தக்கடையில் நாங்கள் வீடு கட்டி வந்திருக்கும் பகுதி புதிது. பாதி மனைகளில் வீடு, மீதியில் கருவேலஞ்செடி. காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது என்று பேப்பரில் எங்கள் பகுதியின் பெயர் வந்துவிட்டால் முந்தின நாளே வீட்டுக்கு வீடு புலம்பல் தொடங்கிவிடும். மாவு ஆட்டியாச்சா, டேங்க் ரொம்பியாச்சா, போனுக்குச் சார்ஜ் போட்டாச்சா என்று ஒரே பரபரப்பு. நான் மட்டும் அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வைப்பேன். "எல்லாருக்கும் ஈஸ்டர் வருசத்துக்கு ஒரு தடவை. ஒனக்கு மட்டும் மாசா மாசம்" என்பார் என் கணவர்.

நான் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில் பிசிக்ஸ் டீச்சர். தினமும் பஸ் பிடித்து மதுரைக்குள் போய், மாலையில் கசங்கின சேலையோடு திரும்புகிறவள். பள்ளியில் எனக்குக் கோபக்காரி என்று பெயர், அதை நான் மறுப்பதில்லை. அதுபோக எனக்கு ஹாம் ரேடியோ உரிமம் உண்டு; வீட்டிலேயே ரேடியோ நிலையம் வைத்து மற்றவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு அது. மற்ற ஹாம்கள் அமெரிக்காவோடும் ஜப்பானோடும் பேசிக் களிக்கையில், நான் போய் விழுந்தது யாரும் எட்டிப் பார்க்காத ஒரு மூலையில். எங்களுக்கு அனுமதித்திருப்பதிலேயே மிகத் தாழ்ந்த அலைவரிசை அது. அங்கே ஒரு அலையின் நீளமே இரண்டு கிலோமீட்டருக்கு மேல். என்ன கேட்கும் என்று கேட்பவர்களிடம், பெரும்பாலும் ஒன்றும் கேட்காது என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன்.

கேட்காததற்குக் காரணம் ஊர்தான். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், டிவி டப்பா, வாஷிங் மெஷின் என்று கரண்டில் ஓடுகிற ஒவ்வொன்றும் இந்த அலைவரிசையில்தான் இரைகிறது. மனிதக் காதுக்கு அது தெரியாது. என் ரிசீவருக்குத் தெரியும். மின்தடை அன்று காலை ஒன்பதடித்ததும் அத்தனையும் ஒரே நொடியில் வாயை மூடிக்கொள்ளும். அந்த அமைதியை ஹெட்போனில் முதல் முறை கேட்டபோது உண்மையிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இவ்வளவு நீளமான அலையைப் பிடிக்க மொட்டைமாடியில் எவ்வளவு கம்பி கட்டினாலும் போதாது. அதற்கு வேறு ஒரு வழி இருக்கிறது. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவைத் திறந்து பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். உள்ளே விரல் தடிமனில் ஒரு கறுப்புக் குச்சியும் அதன்மேல் சுற்றின மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கும். அந்தக் குச்சிதான் ஃபெரைட். சுற்றிலும் இருக்கிற காந்தப் புலத்தைத் தனக்குள் இழுத்துக் குவித்துக் கம்பிக்குக் கொடுக்கும். மதுரை காளவாசலில் ஒரு ரேடியோ ரிப்பேர்க் கடையில் பிஸ்கட் டின் நிறைய அந்தக் குச்சிகள் சும்மா கிடந்தன. கேட்டதும் டின்னோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். முனையோடு முனை ஒட்டி நீளமாக்கினேன். அப்படி ஏழு நீளக் குச்சிகளை முருங்கைக்காய்க் கட்டு மாதிரி சேர்த்துக் கட்டி, மேலே கம்பி சுற்றி, சாப்பாட்டு மேசையிலேயே வைத்து அந்த அலைவரிசைக்குச் சரியாகச் சுருதி சேர்த்தேன். மீட்டர் முள் உச்சிக்கு ஏறி நின்றது. பிறகு ஒரு பி.வி.சி. பைப்புக்குள் நுழைத்து இரண்டு பக்கமும் மூடி போட்டு ஒட்டிவிட்டேன்.

அதை மாடியில் பொருத்திக் கொடுத்தது என் கணவர். அரசு அலுவலக கிளார்க், சர்ச் பாடகர் குழுவில் அடித்தொண்டைக் குரல். எதையும் ஆடாமல் அசையாமல் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. அது ஆடி மாதம். மாடியில் காயப்போட்ட துணி பக்கத்துத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவர் கைப்பிடிச் சுவரில் ஒரு கட்டையை நிறுத்தி, பைப்பின் நடுவில் வளையம் வளையமாக இரண்டு ஸ்டீல் கிளாம்ப் போட்டு இறுக்கினார். பிடித்து ஆட்டிப் பார்த்தேன், மயிரிழை நகரவில்லை. "இதாங்க வேலை" என்று மனதார மெச்சினேன். அந்த வார்த்தையை இங்கே குறித்து வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

இத்தனையும் ஒரே ஒருவருடைய சிக்னலைக் கேட்பதற்காக. செக்கானூரணி தாண்டி மேற்கே ஒரு கிராமத்தில் அவர் விவசாயி. கிணற்றுப் பாசனத்தில் நெல்லும் கொஞ்சம் தென்னையும். ஹாம்களின் பேச்சு அலைவரிசையில் எங்களுக்குப் பழக்கம். நேரில் பார்த்தது இரண்டு முறைதான். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னை டீச்சர் என்பார். எனக்குக் கேட்பதில் பைத்தியம் என்றால் அவருக்கு அனுப்புவதில். அதே தாழ்ந்த அலைவரிசைக்கு ஒரு டிரான்ஸ்மிட்டரைத் தானே செய்திருந்தார். இரண்டு தென்னைகளுக்கு நடுவே உயரத்தில் ஏரியல் கம்பி. அதற்கு வேண்டிய காயில் என்கிற கம்பிச் சுருளை, வீட்டில் மாட்டுக்குத் தவிடு கலக்குகிற நீல பிளாஸ்டிக் டிரம்மில் சுற்றியிருந்தார். அந்த டிரம் எப்போது திரும்பி வரும் என்று அவர் மனைவி கேட்காத நாள் இல்லை.

ஆனால் காயிலும் ஏரியலும் மட்டும் போதாது. இந்த அலைக்குத் தரையில் நல்ல பிடிப்பு வேண்டும். அதற்காக ஏரியலின் அடியிலிருந்து நாலாபக்கமும் வயலெங்கும் செம்புக் கம்பிகளை விரிக்க வேண்டும். பயிர் நிற்கும்போது அது நடக்கிற காரியமில்லை. பொங்கலையொட்டி அறுப்பு முடிந்து, அடுத்த போகத்துக்கு அவருடைய அண்ணன் டிராக்டரை இறக்குவதற்குள் ஒரு இருபது நாள் வயல் அறுத்த நெல்தாளோடு கிடக்கும். அந்த இருபது நாள்தான் அவருக்கு வருடம். ஒரு தடவை கொஞ்சம் தாமதித்ததில் டிராக்டரின் ரோட்டவேட்டர் கலப்பை இரண்டு கம்பிகளை நூல்கண்டு மாதிரி சுற்றிக்கொண்டுவிட்டது. அன்றைக்கு அண்ணன் தம்பி இருவரும் பேசிய பேச்சை அவர் எனக்குச் சொல்ல மறுத்துவிட்டார்.

போன வருடம் அந்த இருபது நாளும் அவர் அனுப்பினார். ஒரு சின்ன எந்திரம் அவருக்காக மோர்ஸ் அடிக்கும். அவர் ஏற்றி வைத்த வாசகத்தையே மெதுவாக, திரும்பத் திரும்ப. நான் விடிந்ததும் அரை மணி நேரம், மின்தடை அன்று முழு நாளும் கேட்டேன். ஒன்றுமில்லை. இரைச்சல் மட்டும் நன்றாகக் கேட்டது. பக்கத்து வீட்டு கிரைண்டர் ஓடுவதுகூடத் தெரிந்தது. அதனால் என் ஆன்டெனாவின் மேல் எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. தினமும் போன் போட்டு, "அண்ணே, ஒண்ணுமே கேக்கல" என்பேன். அவர் காயிலை மூன்று தடவை பிரித்துச் சுற்றினார். நான் அதோடு விட்டேனா? தரைக் கம்பி போதவில்லை, மண்ணில் ஈரம் போதவில்லை என்று ஒரு பீரியட் முழுக்கப் போனிலேயே பாடம் நடத்தினேன். எல்லாவற்றுக்கும் அவர், "என் மெசின்லதான் கோளாறு போல டீச்சர்" என்று மட்டும் சொன்னார். டிராக்டர் வந்தது. கம்பிகளைச் சுருட்டிக் களத்து ஓரமாகப் போட்டுவிட்டார்.

இந்த வருடம் தை பிறந்து அறுப்பு முடிந்ததும் மறுபடி விரித்தார். பதினேழு நாள் ஓடிவிட்டது. அதே கதைதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் செய்தார்.

"திங்கக்கெழம அண்ணன் டிராக்டர எறக்குறாரு டீச்சர்."

"நாளைக்கு எங்களுக்கு கரண்ட் கட்டுண்ணே. கடைசியா ஒரு தடவை பாத்துருவோம்."

"பாருங்க. ஆனா இந்தத் தடவையும் கேக்கலன்னா நா விட்டுடலாம்னு இருக்கேன். டிரம்ம வீட்ல குடுத்துட்டு, கம்பிய எடைக்குப் போட்டுட்டுப் பொழப்பப் பாக்கப் போறேன். ஒங்களத் தவிர யாரு கேக்குறா? ஆளில்லாத வீட்டுக்கு எம்புட்டு நாள் கதவத் தட்டுறது?"

அவர் குரலில் கோபம் இல்லை; அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோபப்பட்டால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவருடைய இருபது நாளை இரண்டு வருடமாகத் தின்று தீர்த்துவிட்டோமே என்று இருந்தது.

சனிக்கிழமை ஒன்பது மணிக்குச் சொன்ன சொல் தவறாமல் கரண்ட் போனது. லேப்டாப் சார்ஜரைக்கூடப் பிடுங்கிவிட்டு நான் மாடியில் ஹெட்போனோடு தயாராக உட்கார்ந்திருந்தேன். யானைமலை மேல் வெயில் ஏறியிருந்தது. ஊரே அடங்கியது. ஆனால் ஒரே ஒரு இரைச்சல் அடங்காமல் கொர்ரென்று கிளம்பியது. தெரு முனையில் தென்மேற்கு மூலை வீட்டில் புதிதாக இன்வெர்ட்டர் வாங்கியிருந்தார்கள். கரண்ட் போனால்தான் அதற்கு உயிர் வரும். கொஞ்ச நேரம் அணைத்து வைக்கச் சொல்லி என் கணவரைத் தூது அனுப்பினேன். அவர் போன வேகத்தில் திரும்பி வந்தார். "பச்சப்புள்ளைய அப்பத்தான் தூங்க வெச்சிருக்காங்க. ஃபேன நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரல" என்றார். எனக்கும் வந்திருக்காது.

ஃபெரைட் ஆன்டெனாவில் ஒரு நல்ல குணம் உண்டு. குச்சியின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வருவது அதற்குக் கேட்காது. முனையை அந்த இன்வெர்ட்டர் வீட்டுக்கு நேராகத் திருப்பிவிட்டால் இரைச்சல் போய்விடும். மேற்கே இருந்து வருகிற அண்ணனுடைய சிக்னல் கொஞ்சம் குறைந்தாலும் கேட்கும். ஆனால் திருப்ப வேண்டுமே! என் வீட்டுக்காரர் பொருத்தினது. ஆடிக் காற்றுக்கே அசையாதது நான் பிடித்து இழுத்தா அசையப் போகிறது?

"ஏங்க, இத கழட்டுங்க. மடியில வெச்சுத் திருப்பிக்கிறேன்."

"இம்புட்டு டைட்டா போட்டத எதுக்குக் கழட்டணும்?" என்று முனகிக்கொண்டே ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்தார். துரு ஏறியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, பல்லைக் கடித்துத் திருகி முதல் கிளாம்பைக் கழற்றினார். ஹெட்போன் என் காதிலேயே இருந்தது. இரைச்சலின் தொனி ஒரு மாதிரி மாறியதுபோல் இருந்தது. பிரமை என்று விட்டுவிட்டேன். இரண்டாவது கிளாம்பும் கழன்றது. அந்த நொடியில் காதுக்குள் ஏதோ அடைப்பு எடுத்த மாதிரி எல்லாம் திறந்துகொண்டது. இன்வெர்ட்டர் இரைச்சல் எகிறிக் குதித்தது. பைப்பை வாங்கி மடியில் வைத்து முனையை மெல்லத் திருப்பினேன். இரைச்சல் தேய்ந்து, தேய்ந்து, காணாமல் போனது. அதன் அடியில், மெலிதாக, ஒழுங்காக, ஒரு ஒலி இருந்தது.

நீளமாக ஒன்று. பிறகு குட்டையாக. நிறுத்தி நிதானமாக, ஒரு புள்ளிக்கு ஒரு நொடி என்ற கணக்கில்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. "கேக்குதா? கேக்குதா?" என்று என் கணவர் கையில் கிளாம்போடு குதித்தார். திருத்துவதற்குக் கொண்டுவந்திருந்த விடைத்தாள் கட்டிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி, சிவப்புப் பேனாவாலேயே எழுத ஆரம்பித்தேன். நடுவிலிருந்து பிடித்ததால் முதலில் வந்த எழுத்துகள் ஒன்றும் புரியவில்லை. பிறகு கொஞ்சம் இடைவெளி விட்டு, உரிமத்தோடு அவருக்கென்றே கொடுத்திருக்கிற அழைப்புக் குறி முதலிலிருந்து வந்தது. சந்தேகமே இல்லை. அண்ணன்தான். ஐம்பது கிலோமீட்டர் வராத தூரத்துக்கு இரண்டு வருடமாக வந்துகொண்டே இருந்த மனிதர் கடைசியில் வந்து சேர்ந்துவிட்டார்.

அழைப்புக் குறிக்குப் பிறகு வாசகம். இங்கிலீஷ் எழுத்தில் தமிழ். ஒரு எழுத்துக்குப் பத்து நொடி ஆனது. முதல் வார்த்தை "டீச்சர்". எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்தது "உங்க". மூன்றாவது மெல்ல மெல்ல உருவாகி, "ஏரியல்" என்று முடிந்தது. கடைசி வார்த்தை வருவதற்குள் ஒரு யுகம் போனது.

டீச்சர் உங்க ஏரியல் பாருங்க.

தாளைப் பார்த்தேன். என் கணவர் கையில் இருந்த ஸ்டீல் வளையத்தைப் பார்த்தேன். அடக் கடவுளே! மூடின உலோக வளையம் ஒன்றைக் காயிலைச் சுற்றி மாட்டினால் அதில் மின்னோட்டம் ஓடும், அது காயிலுக்குப் போக வேண்டியதைத் தின்றுவிடும், சுருதியையும் கலைத்துவிடும். இதை நான் பதினெட்டு வருடமாகப் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு நடத்துகிறேன். இரும்புத் தண்டில் அலுமினிய வளையத்தை மாட்டி, ஸ்விட்ச் போட்டதும் அது துள்ளி எகிறுவதைக் காட்டி, "ஏன் குதிச்சது, சொல்லு" என்று கேட்டு, சொல்லத் தெரியாத பிள்ளையை நிற்க வைத்திருக்கிறேன். மேசையில் சுருதி சேர்த்த ஆன்டெனாவுக்கு மாடியில் ஒன்றல்ல, இரண்டு வளையம் மாட்டி, "இதாங்க வேலை" என்று மெச்சியவள் நான். மாட்டின பிறகு ஒரு தடவைகூடச் சரிபார்க்கவில்லை. இரைச்சல் கேட்டதே, அதனால் காது நன்றாக இருக்கிறது என்று நம்பிவிட்டேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். வேறொன்றும் சொல்லாமல் தாளில் இருந்ததை மட்டும் வாசித்தேன். "டீச்சர், உங்க ஏரியல் பாருங்க."

அந்தப் பக்கம் பம்புசெட் ஓடிக்கொண்டிருந்தது.

"ஆத்தாடி" என்றார். பிறகு வாயிலிருந்து போனை எடுக்காமலே தன் அண்ணனைப் பார்த்து, "கேட்டுருச்சுண்ணே! டீச்சருக்குக் கேட்டுருச்சு!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், போன் இல்லாமலே எனக்குக் கேட்டிருக்கும். திரும்பி வந்தபோது குரலில் சந்தோஷமும் சங்கடமும் சரிபாதி இருந்தது. "தப்பா நெனச்சுக்கிறாதீக டீச்சர். நீங்க எங்க கேக்கப் போறீகங்கிற தெகிரியத்துலதான் அப்படி அனுப்புனேன்."

"என் ஏரியல்லதான் கோளாறுன்னு ஒங்களுக்கு எப்படிண்ணே தெரியும்?"

"போன வருசமே சின்ன ரிசீவர எடுத்துக்கிட்டு பைக்ல பாதி வழிக்கு, நாகமலை வரைக்கும் வந்து பாத்தேன். ஒத்தக் குச்சி ரிசீவருக்கே கணீர்னு கேட்டுச்சு. ஏழு குச்சி வெச்சிருக்க ஒங்களுக்குக் கேக்கலன்னா என்ன அர்த்தம்?"

"அத என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"ஒரு டீச்சர்கிட்டப் போயி ஒங்க ஏரியல் சரியில்லன்னு எப்படி வாய் விட்டுச் சொல்றது? நீங்க வேற மண்ணு ஈரம், அது இதுன்னு அம்புட்டு நல்லா வெளக்கிக்கிட்டு இருந்தீக."

"அப்ப போன வருசமும் இதையேதான் அனுப்புனீங்களா?"

"இல்ல டீச்சர்" என்றார் அவசரமாக. "போன வருசம் மரியாதையா, கடைசில ப்ளீஸ் போட்டிருந்தேன்."

மாடிப்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தேன். அதில் பாதி வெட்கத்தில் வந்த நீர், அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு மனிதர் தன் மெசினில் கோளாறு என்று போனில் பழியை ஏற்றுக்கொண்டு, மூன்று தடவை காயிலைப் பிரித்துச் சுற்றுவதுபோலச் சுற்றி, உண்மையை மட்டும் எனக்குக் கேட்காத ஒரே இடத்தில் இரவும் பகலும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். என் கணவர் பக்கத்தில் நின்று கிளாம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "நா போட்டதுதான் காரணமா?" என்றார். "நீங்க மாட்டுனீங்க. படிச்சவ நான்தான்" என்றேன். அன்று மாலை அவருடைய பழைய வேட்டியைக் கிழித்து, அந்தப் பட்டையால் பைப்பைக் கட்டையோடு கட்டினார். அதுவும் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இருவரும் பஸ் ஏறிச் செக்கானூரணி தாண்டிப் போனோம். மறுநாள் டிராக்டர் வருகிறதே. நான், என் கணவர், அண்ணன், அவருடைய அண்ணன் நான்கு பேருமாக வயலில் கம்பிகளைச் சுருட்டினோம். நெல்தாள் காலைக் குத்தியது. போன வருடம் களத்து ஓரமாக அள்ளிப் போட்ட கம்பிகளுக்கு இந்த வருடம் எங்கள் ஹாம் அண்ணன் ஒவ்வொரு சுருளுக்கும் அட்டை கட்டி நம்பர் போட்டார், அடுத்த தையில் வரிசை மாறாமல் விரிப்பதற்காக. அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். டிரம்மைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது அங்கனயே கெடக்கட்டும். மாட்டுக்கு வேற வாங்கிக்கிறேன்" என்றார்.

ஹாம்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய சிக்னலை முதல் முறை கேட்டால் அதற்குச் சாட்சியாகக் கார்டு எழுதிக் கொடுக்க வேண்டும். தேதி, நேரம், அலைவரிசை, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கும். கடைசிக் கட்டம் குறிப்புகளுக்கு. ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாப்பில் வைத்து என் கார்டை எடுத்து நீட்டினேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, கட்டம் கட்டமாக வாசித்துக்கொண்டே வந்தவர் கடைசிக் கட்டத்தில் நின்றுவிட்டார். பஸ் வந்துவிட்டது, நாங்கள் ஏறி உட்கார்ந்த பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் நகரும்போது ஜன்னலுக்குக் கீழே ஓடி வந்து, சிரிப்பும் மூச்சிரைப்புமாக அதைச் சத்தம் போட்டு எனக்கே வாசித்துக் காட்டினார்:

"'ஏரியல் பார்த்தேன், அண்ணே.'"